இரண்டு டச்சா, நான்கு கோலா? சிறுவர் கால்பந்தில் தாக்குதலை வளர்க்க எந்தப் பயிற்சி ஆட்டம்

ஜூனில் பள்ளி திறந்து குறுவட்டப் போட்டி வரும்வரை கையில் இருப்பது சில வாரங்கள்தான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் பதினொன்று முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருபவர்களுக்கு நிலைமை தெரியும். மாலை ஒரு மணி நேரம். கபடிக்காரர்களும் கிரிக்கெட்காரர்களும் பங்கு கேட்கும் பொட்டலில் பாதி. பதினாறோ பதினெட்டோ பிள்ளைகள், நான்கைந்து பந்து. இவ்வளவுக்குள் எந்த ஆட்டத்தை ஆடவிட்டால் பிள்ளைகள் கோலை நோக்கித் துணிந்து போவார்கள் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தாக்குதல் என்பது பெரும்பாலும் முடிவெடுக்கும் பழக்கம். பந்து காலில் இருக்கும்போது முன்னால் நிற்பவனைத் தாண்டுவதா, பக்கத்தில் ஓடி வருபவனுக்குத் தருவதா, அங்கிருந்தே அடிப்பதா என்பதை ஒரு நொடிக்குள் தீர்க்க வேண்டும். வரிசையில் நின்று, தரையில் வைத்த பிளாஸ்டிக் கோனைச் சுற்றிப் பந்தை ஓட்டுவதால் இது வராது. கோன் காலை நீட்டிப் பந்தைப் பறிக்காது. 1982-லேயே இங்கிலாந்தின் லஃப்பரோவில் உடற்கல்வி அறிஞர்கள் டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும் இதைச் சொன்னார்கள்: நுட்பத்தைத் தனியே கற்பித்து முடித்துவிட்டு ஆட்டத்துக்குப் போகும் வரிசையை மாற்றி, சுருக்கிய ஆட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஆடுபவர் எண்ணிக்கை, கட்டத்தின் அளவு, கோல்களின் எண்ணிக்கை, பந்தைத் தொடும் முறை ஆகியவற்றில் ஒன்றை மாற்றினாலும் பிள்ளைகள் வேறு மாதிரி ஆடத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒன்றைத் தருகிறது, ஒன்றை எடுத்துக்கொள்கிறது. எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்காமல் விதி வைப்பதில்தான் பல அணிகளின் பயிற்சி வீணாகிறது.

முழு மைதானத்தில் பதினொருவர்

இதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்த வயதில் வேண்டாம் என்பேன். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் உள்ள மைதானத்தை 22 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏறத்தாழ 325 சதுர மீட்டர் வருகிறது. 30-க்கு 20 மீட்டர் கட்டத்தில் நான்குக்கு நான்கு ஆடினால் தலைக்கு 75. அங்கே ஒரு பந்துக்கு 22 பேர், இங்கே எட்டுப் பேர். பெரிய மைதானத்தில் நடப்பது என்ன? பின்னால் நிற்பவன் தூக்கி அடிக்கிறான், அணியிலேயே உயரமான பையன் துரத்துகிறான், விங்கில், அதாவது ஓரத்தில், நிற்கும் ஒல்லிப் பையன் அரைமணி நேரம் பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். இப்படி ஆடிக் குறுவட்டத்தில் ஜெயிக்கவும் முடியும். இரண்டு மூன்று வருடம் கழித்து எல்லாப் பையன்களும் வளர்ந்து நிற்கும்போதுதான், தூக்கி அடிப்பதைத் தவிர வேறு வழி எதுவும் பழகவில்லை என்பது வெளியே வரும்.

இங்கிலாந்தில் 12 வயதுக்குட்பட்டோர் ஒன்பதுக்கு ஒன்பதாகத்தான் ஆடுகிறார்கள். ஜெர்மனியில் 2024-25 பருவத்திலிருந்து குழந்தைகள் பிரிவில் மூன்றுக்கு மூன்று போன்ற சிறு ஆட்டங்கள் கட்டாயமாகிவிட்டன. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் 2018-ல் கோல்டன் பேபி லீக் என்ற பெயரில் சிறு மைதான ஆட்டங்களைத்தான் சிறுவர்களுக்கு முன்வைத்தது. ஆகவே சுருக்கலாமா என்பதில் இனி விவாதம் இல்லை. எப்படிச் சுருக்குவது என்பதில்தான் இருக்கிறது.

இரண்டு டச்

நம் பக்கம் மிகவும் புழக்கத்தில் உள்ள விதி இது. ஒரு டச்சில் நிறுத்து, அடுத்ததில் கொடு. வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும், பந்து சுற்றும், யாரும் பந்தை வைத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வரும். பந்து இல்லாதவனும் நகர்ந்து வந்து கை காட்டுவான். இவை உண்மையான லாபங்கள்.

ஆனால் தாக்குதலுக்கு இது வாங்கும் விலை பெரிது. இரண்டு டச்சில் எதிராளியைத் தாண்டிப் போக முடியாது. எட்டு வயதிலிருந்து தெருவில் நான்கு பேரை ஏமாற்றிப் பழகிய பையனிடம், உனக்குத் தெரிந்ததை இங்கே செய்யாதே என்கிறோம். தடுப்பவனுக்கும் பந்து உடனே போய்விடும் என்பது தெரிந்துவிடுகிறது. அவன் நெருங்கிப் பறிக்க வராமல் பாஸ் போகும் வழியில் நின்றுகொள்கிறான். போட்டியில் அப்படி யாரும் நிற்கப் போவதில்லை. தொடும் எண்ணிக்கையைக் குறைத்து ஆடவைத்துச் செய்த ஆய்வுகளிலும் பாஸ் தவறுவதும் பந்து பறிபோவதும் கூடுவது தெரிந்திருக்கிறது. ஒருவரோடொருவர் மோதும் தருணங்கள் குறைந்திருக்கின்றன.

இதில் நம் மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டுப் பொட்டல் செம்மண்ணும் சரளையும். கோடையில் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும். தரையில் உருண்டு வரும் பந்து ஒரு கல்லில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பும். அதை அடக்கவே முதல் டச் போய்விடுகிறது. மீதியிருக்கும் ஒரு டச்சில் பையன் என்ன செய்வான்? எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறானோ அந்தப் பக்கம் உதைப்பான். புல்தரையில் நல்ல பாஸைப் பழக்கும் விதி, இங்கே பந்தைத் தள்ளிவிடப் பழக்குகிறது. காலில் பந்து ஒட்டாத வயதில், இப்படிப்பட்ட தரையில், இதை முதன்மை ஆட்டமாக வைப்பதை நான் ஏற்கவில்லை.

அதை முற்றிலும் விடவும் வேண்டாம். நம் பாதியில் இரண்டு டச், எதிராளியின் பாதியில் எத்தனை டச் வேண்டுமானாலும் என்று வைத்துப் பாருங்கள். ஆபத்தான இடத்தில் பந்தை வைத்துக்கொண்டு தடுமாறுவது குறையும், முன்னே போனதும் துணிச்சலுக்கு இடம் கிடைக்கும். கோட்டைத் தாண்டியதும் பையன்களின் உடம்பே மாறுவதைப் பார்க்கலாம்.

ஐந்து பாஸுக்குப் பிறகுதான் கோல்

இரண்டு டச்சுக்கு அண்ணன் இந்த விதி. இதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். மூன்றாவது பாஸிலேயே கோல் திறந்து கிடக்கும். பையன் அதைப் பார்ப்பான். பார்த்துவிட்டு, கணக்கு முடியவில்லையே என்று திரும்பிப் பின்னால் கொடுப்பான். ஒருமுறை அப்படித் திரும்பினால் ஒரு வாய்ப்பு போனதோடு முடிந்தது. வாரக்கணக்கில் திரும்பினால் வாய்ப்பைப் பார்க்கும் கண்ணே மழுங்கிவிடும். பொறுமையாக ஆட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைக்கப்படும் விதி, கோலை மறுக்கக் கற்றுத்தருகிறது. பொறுமை வேண்டுமென்றால் பரிசு கொடுங்கள்: எப்போது அடித்தாலும் கோல் ஒன்று, ஐந்து பாஸ் கோத்து அடித்தால் இரண்டு. அப்போது முடிவு பிள்ளையிடம் இருக்கிறது. தடை போடும் விதியைவிடப் பரிசு தரும் விதி தாக்குதலுக்கு எப்போதும் நல்லது என்பதை இந்த ஒரு விதியில் தெளிவாகப் பார்க்கலாம்.

நான்கு கோல்

இந்த ஆட்டத்தைப் பரப்பியவர் ஹோர்ஸ்ட் வைன். ஜெர்மானியர், அடிப்படையில் ஹாக்கிப் பயிற்சியாளர். மூன்றுக்கு மூன்று, கோல்கீப்பர் கிடையாது. ஒவ்வொரு முனையிலும் ஓரங்களில் இரண்டு சின்னக் கோல்கள், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அகலம். கட்டம் ஏறக்குறைய 32-க்கு 25 மீட்டர். கோலுக்கு முன் ஆறு மீட்டர் தூரத்தில் ஒரு கோடு. அதற்குள் வந்துதான் அடிக்க வேண்டும். நமக்குக் கோல் கம்பமும் தேவையில்லை, இரண்டு செங்கலோ ஒரு ஜோடிச் செருப்போ போதும். கோட்டைச் சுண்ணாம்பால் போட்டுக்கொள்ளலாம். பதினெட்டுப் பிள்ளைகள் வந்தால் மூன்று கட்டம், எல்லாருக்கும் ஆட்டம். யாரும் வெளியே உட்கார வேண்டியதில்லை.

சிறுவர் ஆட்டத்தின் பெரிய நோய், எல்லாரும் பந்தைச் சுற்றிக் கூடுவது. இடம் பிடித்து நில்லு என்று தொண்டை வறளக் கத்தினாலும் கூட்டம் கலையாது. கலைய வேண்டிய காரணம் அவர்களுக்குத் தெரியாததே அதற்குக் காரணம். நான்கு கோலில் காரணம் கண்ணெதிரே நிற்கிறது. மூன்று பேர் இரண்டு கோலையும் ஒருசேர அடைக்க முடியாது. வலப்பக்கக் கோலுக்கு இரண்டு பேர் போனால் இடப்பக்கம் திறந்துவிடும். பந்தை ஒரு பக்கம் கொண்டுபோய் எதிராளிகளை இழுத்து, சட்டென மறுபக்கம் மாற்றினால் கோல். இதை நாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, "தம்பி, இந்தப் பக்கம் எத்தனை பேர் நிக்கிறாங்க? அந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும். "அங்க யாருமே இல்லண்ணே" என்று அவனே சொல்வான். பதில் அவன் வாயிலிருந்து வந்ததால் அடுத்த முறை பார்ப்பான்.

ஆறு மீட்டர் கோடும் முக்கியம். அது இல்லாவிட்டால் நடுவிலிருந்தே நீளமாக உதைத்துப் பார்ப்பார்கள். கோடு இருப்பதால் பந்தைக் கொண்டுபோயோ, கொடுத்து வாங்கியோ உள்ளே நுழைந்தாக வேண்டும். தொடும் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு கிடையாது என்பதால் தாண்டிப் போவதும் பாஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எது நல்லது என்பதை முன்னால் நிற்பவனின் கால் சொல்லும்.

இதற்கும் குறை உண்டு. கோல்கீப்பர் இல்லாததால் அவரைப் பார்த்து அடிக்கும் அனுபவம் கிடைக்காது. 7.32 மீட்டர் அகலக் கோலின் மூலையைக் குறிவைப்பதும் இரண்டு மீட்டர் இடைவெளியில் பந்தை உருட்டிவிடுவதும் ஒன்றல்ல. ஆஃப்சைடு (பந்து கொடுக்கப்படும்போது எதிராளியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி முன்னால் நிற்கக் கூடாது என்ற விதி) இல்லாததால் ஒருவன் எதிராளியின் கோட்டுக்குள்ளேயே நின்றுகொள்ளும் பழக்கமும் வரலாம். அப்படி நின்றால் பின்னால் அவன் அணி இரண்டு பேராகத் தவிக்கும். இரண்டு கோல் வாங்கியதும் அவன் தோழர்களே கூப்பிட்டுக்கொள்வார்கள், நாம் தலையிட வேண்டாம்.

கோட்டைத் தாண்டினால் கோல்

கோலே வைக்காமல், எதிராளியின் பின்கோட்டைப் பந்தோடு ஓட்டித் தாண்டினால் ஒரு கோல் என்பது இன்னொரு வடிவம். நான்குக்கு நான்கு, நீளத்தைவிட அகலம் கூடிய கட்டம். தாண்டிப் போகும் துணிச்சலை இதுபோல் வளர்க்கும் ஆட்டம் வேறில்லை. இடைவெளி முழு அகலத்திலும் இருப்பதால் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து ஆளில்லா இடத்தைத் தேடுவார்கள். எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் வைப்பேன். மான்செஸ்டர் யுனைடெட் கிளப் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் சிறுவர்களுக்கு நான்குக்கு நான்கு ஆட்டங்களைச் சோதித்தபோது எட்டுக்கு எட்டைவிடக் கோல் முயற்சிகளும் ஒருவரோடொருவர் மோதல்களும் மிகக் கூடுதலாக வந்தன. அந்தச் சோதனையில் இருந்த ஆட்டங்களில் இதுவும் ஒன்று.

பெரிய பிள்ளைகளுக்கு இது தனியாகப் போதாது. ஓட்டிப் போய்க் கோட்டைத் தொட்டதும் வேலை முடிந்துவிடுகிறது. கடைசிப் பாஸ், கடைசி அடி இரண்டும் இல்லை. ஆடுவதற்கு முன் சரளையைக் கொஞ்சம் கூட்டித் தள்ளிவிடுவதும் அவசியம். கீழே விழுந்து முழங்கால் தேய்ந்த பையன் அடுத்த வாரம் யாரையும் தாண்டப் பார்க்க மாட்டான்.

கூடுதல் ஆள்

பெண் பிள்ளைகள் அணியில் ஒன்பது பேர் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நம் பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. 2018-19 பருவத்தில் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. இங்கே எண்ணிக்கை குறைகிறது என்பதற்காகப் பெண்கள் பயிற்சியை ரத்து செய்வதில் நியாயமில்லை. நான்குக்கு நான்கு, ஒன்பதாவது ஆள் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆடுவார். பந்து கைமாறினால் அவரும் கட்சி மாறுவார்.

அந்த ஆள் உள்ளே நின்றால் நடுவில் எப்போதும் ஒரு பாஸ் கிடைக்கும். ஓரக்கோட்டுக்கு வெளியே நின்றால் ஆட்டம் அகலமாகும். வெளியே நிற்பவரின் வேலை, கானாடுகாத்தான் தெருக்களில் பிள்ளைகள் நெடுஞ்சுவரில் பந்தை உதைத்து அது திரும்பி வருமிடத்துக்கு ஓடிப் பிடிப்பது போன்றது: ஒரே டச்சில் திருப்பித் தர வேண்டும். கொடுத்துவிட்டு ஓடும் பழக்கம் இதில் நன்றாக வரும். ஆனால் தாக்குபவர்களுக்கு எப்போதும் ஒரு ஆள் கூடுதல் என்பதால் அந்தக் கூடுதலைத் தாங்களே உண்டாக்கும் தேவை வராது. பந்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள். நம் பாதியிலிருந்து வெளியே வரத் திணறும் அணிக்கு மருந்து. நன்றாகப் பாஸ் செய்தும் கோல் அடிக்காத அணிக்கு இதை வைக்காதீர்கள்.

ஓரப் பாதை

இரண்டு ஓரங்களிலும் நான்கைந்து மீட்டர் அகலத்துக்குப் பாதை கீறி, அதற்குள் தடுப்பவர் வரக்கூடாது என்று வைப்பது. விங் ஆட்டக்காரருக்கு நேரம் கிடைக்கும், கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) வரும், உடம்பு வளராத பையனுக்கும் பந்து சேரும். சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் போன்ற விங்கர்களைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

சிக்கல் போட்டியில் தெரியும். யாரும் நெருங்காத பாதையில் பழகியவன், முதல்முறை ஒரு தடுப்பாளர் ஓடிவந்து முட்டியதும் பந்தை வெளியே தட்டிவிடுகிறான். அதனால் பந்து பாதைக்குள் சென்ற பிறகு ஒரே ஒரு தடுப்பாளர் நுழையலாம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். முதல் டச்சுக்கு மட்டும் நேரம் கிடைக்கும், அதற்குப் பிறகு ஒருவரை எதிர்கொண்டாக வேண்டும். கிராஸையும் உயரத் தூக்காமல், பின்கோடு வரை போய்த் தரையோடு பின்னுக்கு இழுத்துத் தரச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பத்து வயது வரையுள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதையே 2015-ல் விலக்கினார்கள். நம் பிள்ளைகளுக்கும் தலைக்கு மேல் வரும் கிராஸ் இப்போதைக்குத் தேவையில்லை.

பெரிய கோல், குட்டை மைதானம்

இரண்டு முழுக் கோலையும் இருபத்தைந்து மீட்டர் இடைவெளியில் வைத்து, கோல்கீப்பரோடு ஆடுவது. எங்கே வாங்கினாலும் அடிக்கும் தூரம். பிள்ளைகளுக்கு இதைவிட மகிழ்ச்சியான ஆட்டம் கிடையாது. கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தை ஓடிவந்து அடித்தால் இரண்டு கோல் என்று சேர்த்தால், அடித்துவிட்டு நின்று பார்க்கும் வழக்கமும் போகும். தினமும் வைத்தால் எல்லாவற்றையும் அடிக்கத் தொடங்குவார்கள். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, போதும்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. அக்டோபர், நவம்பரில் பொட்டல் சேறாகும்போது பள்ளியின் சிமெண்டு பாஸ்கெட்பால் தளம் சும்மாதான் கிடக்கும். 28-க்கு 15 மீட்டர். 1930-ல் உருகுவேயின் மான்டிவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி இப்படிப்பட்ட தளத்தை மனத்தில் வைத்துத்தான் ஃபுட்சால் என்ற உள்ளரங்கச் சிறு கால்பந்தை உருவாக்கினார். தளம் காய்ந்திருக்கும்போது மூன்றுக்கு மூன்று ஆட இது ஏற்றது. பந்தின் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் துள்ளல் அடங்கும்.

எதைத் தேர்வது

உங்கள் அணியின் ஒரு போட்டியைக் கத்தாமல் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பிள்ளை எதிராளி ஒருவனுக்கு நேராக நிற்கும்போது என்ன செய்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் திரும்பிவிட்டாலோ உதைத்துவிட்டாலோ கோட்டைத் தாண்டும் ஆட்டம். தாண்டப் பார்த்து, ஆனால் எல்லாரும் நடுவிலேயே முட்டிக்கொண்டால் நான்கு கோல். கோல் பக்கம் வந்து தயங்கினால் குட்டை மைதானம். நம் பாதியிலேயே பந்து தொலைந்தால் கூடுதல் ஆளோ, பாதி மைதான இரண்டு டச்சோ.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், இந்தப் பகுதியின் பதினொன்று, பன்னிரண்டு வயது அணிக்கு என் முடிவு நான்கு கோல்தான். செலவில்லை, எல்லாரும் ஆடலாம், பாதிப் பொட்டலில் அடங்கும். பந்தைத் தொட எந்தத் தடையும் இல்லாததால் மேடு பள்ளத் தரையிலும் பிள்ளை தன் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். எட்டு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் நிழலும் தண்ணீரும், இப்படி நான்கு சுற்று. ஜூன் வெயிலுக்கு ஐந்து மணிக்கு முன் தொடங்க வேண்டாம். மீதி நேரத்தில் ஏதாவது ஒரு விதியோடு இன்னொரு ஆட்டம், கடைசிப் பத்து நிமிடம் எந்த விதியும் இல்லாமல் சாதாரண ஆட்டம். அந்தப் பத்து நிமிடத்தில், விதி போன பிறகும் மறுபக்கம் பார்க்கிறார்களா என்பதை வைத்துத்தான் ஆட்டம் வேலை செய்ததா என்று சொல்ல முடியும்.

பதினான்கு வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வரிசை மாறும். ஓரப் பாதையும் பெரிய கோலும் முன்னுக்கு வரும். தலைக்கு இடம் கூடிய பெரிய கட்டங்களும் தேவைப்படும், ஏனென்றால் தடுப்புக்குப் பின்னால் நீளமாக ஓடி வாங்குவதை முப்பது மீட்டர் கட்டத்தில் பழக முடியாது.

குறுவட்டத்துக்கு முந்தைய வாரம் மட்டும் முழு மைதானத்துக்குப் போய் ஆஃப்சைடோடு ஆடவிடுங்கள். வாரக்கணக்கில் ஆஃப்சைடு இல்லாமல் ஆடியவர்கள் முதல் பாதி முழுவதும் துணை நடுவரின் கொடிக்குச் சிக்குவார்கள், அதை மைதானத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். கோல்கீப்பரை இத்தனை வாரமும் ஒதுக்கி நிறுத்தாமல் நான்கு கோலில் மற்றவர்களோடு ஆடவிட்டிருந்தால் அதன் பலனும் இங்கே தெரியும்: தன் அணிக்காரர் காலால் தரும் பின்பாஸைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992-ல் விதி வந்துவிட்டது, பந்தைக் காலால் வாங்கி ஆளில்லாத பக்கம் கொடுக்கத் தெரிந்த கோல்கீப்பரிடமிருந்துதான் இப்போது பாதித் தாக்குதல் தொடங்குகிறது.